ஆய்வு செய்ய வருகிறவர்கள் எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவன் என்பதால் ஆய்வு என்ற சொல்லின் மீது எனக்கு மரியாதை அதிகம். எங்கள் குடியிருப்பைப் போன்ற இடங்களுக்கு உயர்கல்விக் கூடங்களிலிருந்து ஆய்வாளர்கள் வருவது இப்போது பெருகியிருக்கிறது. குப்பை, வெள்ளம், வெப்பம், குழந்தைகளின் உணவு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்புகள் யாவும் எங்கள் அன்றாடத் தொல்லைகளே. அவ்வாய்வுகள் எங்கள் இடத்திலேயே நடந்தாலும் எங்களை வெளியே நிறுத்திவிட்டுத் திட்டமிடப்படுகின்றன என்பதே என் மனக்குறை. அதைத் திருத்தும் வழி ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு எங்கள் குடியிருப்புக்கு வந்தது. எந்தக் கல்விக்கூடம் என்பது இங்கே முக்கியமில்லை. வந்த மாணவர்கள் பண்பானவர்கள், வெயிலில் படியேறி வந்தவர்கள். வீட்டுக் குப்பையைப் பற்றிய நீண்ட கேள்வித்தாள் மலாய் மொழியில் இருந்தது. எங்கள் மாடியிலுள்ள மூதாட்டிகளுக்கு நானே நின்று மொழிபெயர்த்தேன். சமையலறைக் கழிவை எருவாக்கும் திட்டம் வரப்போகிறது என்றார்கள். சொன்னபடியே கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, மூடிபோட்ட பெரிய பச்சைத் தொட்டிகள் மூன்று வந்தன. தொடக்க நாளில் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டோம். முதல் மாதம் ஆர்வமாகப் போட்டார்கள். இரண்டாம் மாதத்தில் புழு வந்தது, நாற்றம் வந்தது, கீழ்த்தளத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். திட்டக்காலம் முடிந்தது; தொட்டிகளை யார் காலி செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லாமல், கடைசியில் குடியிருப்பாளர் சங்கத்துப் பையன்கள் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணி வைத்து அவற்றை அப்புறப்படுத்தினார்கள். அந்த ஆய்வின் முடிவு என்ன என்பதை இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தத் தொட்டிகள் தோற்கும் என்பதை எங்கள் மாடியில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லியிருப்பார். தொழிற்சாலையில் மாலை வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒருவர் அதன்பிறகு சமைத்து, கழுவி, மின்தூக்கி ஓடுகிறதா என்று பார்த்து, பதினான்கு மாடி இறங்கிப்போய்க் காய்கறித் தோலைப் போட்டுவரமாட்டார். எங்கள் வீட்டு மிச்சத்தில் எண்ணெயும் உப்பும் மீன் முள்ளும் தேங்காய்ப் பாலும் கலந்திருக்கும். எரு ஆவதற்குச் சமையல் கழிவிலுள்ள தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) ஈடாகக் காய்ந்த இலை, தேங்காய் நார், மரத்தூள் போன்றவற்றின் கரிமச்சத்து (கார்பன்) ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது மடங்கு வேண்டும். காற்றும் புக வேண்டும். சிமெண்டுத் தரையில் நிற்கும் அடுக்குமாடியில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? கோயிலில் அன்றாடம் கூட்டித் தள்ளும் பூவும் இலையும் வீணாகப் போகின்றன என்பதும், அதை எடுத்துவர யார் ஒப்புக்கொள்வார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஈரக்கழிவு அழுகுவதன் வேதியியல் ஆய்வாளர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டதே இல்லை.

அந்த மேசையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஆய்வைத் தொடங்குவதற்கு உலகில் ஒரு முறை வளர்ந்திருக்கிறது. ஜெர்மானியர் அதை ‘ரியால்லாபோர்’ என்கிறார்கள். நம் நாட்டில் மலாய் மொழியில் ‘மக்மால் ஹிடுப்’ என்ற சொல் காதில் விழுகிறது. தமிழில் ‘வாழ்விட ஆய்வுக்கூடம்’ என்று அழைக்கலாம் என்பது என் விருப்பம்; இதைவிட நல்ல சொல் தோன்றும் வாசகர் தெரிவித்தால் மகிழ்வேன். கண்ணாடிக் குடுவைகளுக்குப் பதிலாக ஒரு தெருவோ சந்தையோ குடியிருப்போ கூடமாகிறது. அங்கே வாழ்கிறவர்களும் ஆய்வாளர்களும் மாநகர் மன்றமும் கேள்வியைச் சேர்ந்து வகுத்து, மாற்றத்தைச் சேர்ந்தே செய்துபார்த்து, விளைந்ததையும் சேர்ந்தே மதிப்பிடுகிறார்கள். மாற்றத்தைச் செய்துபார்த்துக்கொண்டே அதைக் கற்கும் இந்த எண்ணத்தின் வேர் பழையது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946இல் செயல்வழி ஆய்வு பற்றி எழுதினார். கொலம்பியாவில் ஒர்லாந்தோ ஃபால்ஸ் போர்தா உழவர்களோடு சேர்ந்து நடத்திய பங்கேற்பு ஆய்வு அதை ஏழை மக்களின் கைக்குக் கொண்டுபோனது.

ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநில அரசாங்கம் 2015 முதல் இரண்டு கட்டங்களாக 14 வாழ்விட ஆய்வுக்கூடங்களுக்கு நிதி கொடுத்தது. அவற்றுள் கார்ல்ஸ்ரூஹ நகரில் நடப்பதைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. அந்நகரின் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் கிழக்குப் பகுதியில், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரக்கூடிய ஓர் அறையைத் திறந்துவைத்தார்கள். பழுதான பொருள்களை அக்கம்பக்கத்தார் கூடிச் சரிபார்க்கும் நாள்களை நடத்தினார்கள். ஒரு மானியத்தின் ஆயுளோடு மூட்டை கட்டாமல் பத்தாண்டுக்கும் மேலாக அங்கேயே இருக்கிறார்கள். அதே மாநிலத்தின் ஸ்டுட்கார்ட் நகரில் 2016 கோடையில் மாணவர்கள் தெருவோரக் கார் நிறுத்துமிடங்கள் சிலவற்றை மூன்று மாதங்களுக்கு இருக்கைகளாகவும் செடி வளர்க்கும் இடங்களாகவும் மாற்றினார்கள். வரவேற்றவர்கள் இருந்தார்கள், காரை எங்கே நிறுத்துவது என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கோபமும் ஆய்வின் தரவுதான். எங்கள் கீழ்த்தளத்து வீட்டுக்காரர்களின் கோபத்தை அன்று எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள் 1997இல் வகுத்த ஒரு பாகுபாடு, எங்களைப் பற்றி ஆய்வதற்கும் எங்களோடு சேர்ந்து ஆய்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கும் என்று நம்புகிறேன். இன்று நிலை என்ன என்ற அறிவு ஒன்று. எந்த நிலைக்குப் போக விரும்புகிறோம் என்ற அறிவு மற்றொன்று. இங்கிருந்து அங்கே எப்படிப் போவது என்ற அறிவு மூன்றாவது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அது சொன்னது. நாட்டின் தலைநகரில் உயர்ந்த கட்டடங்களின் நிழலில் இப்படியா என்று பலர் திகைத்தார்கள். அது முதல் வகை அறிவு. மிகவும் தேவையான அறிவு. அந்தக் குழந்தைகளின் தட்டில் நாளை என்ன இருக்க வேண்டும், அது அந்த வீட்டு வருமானத்துக்குள் எப்படி வந்து சேரும் என்பன இரண்டாம், மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கேள்வித்தாளால் பெற முடியாது. அந்தத் தாய்மார்களோடு உட்கார்ந்து சமைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

பினாங்குக்கு இது புதிதும் அன்று. 1997இல் செரி என்ற சமூகப் பொருளாதார, சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகம் நிலைத்த வளர்ச்சிக்கான ஒரு முயற்சியைத் தொடங்கி, பல தரப்பு மக்களை வட்டமேசைகளில் உட்கார வைத்து, பினாங்கின் நலத்தை எந்த அளவுகோல்களால் அளப்பது என்று அவர்களையே கேட்டது. நீர்வளம் காக்கும் ‘வாட்டர் வாட்ச் பினாங்கு’ அமைப்பு அந்தக் கூட்டங்களின் வழி பிறந்ததுதான். 2005இல் ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகம் நிலைத்த வளர்ச்சிக் கல்விக்கான வட்டார மையங்களை முதன்முதலாக அங்கீகரித்தபோது, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பினாங்கு மையம் அந்த முதல் ஏழில் ஒன்றாக இருந்தது. 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் தீவில் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் பெருநிலத்துச் செபராங் பிறையில் அம்பாங்கானிலும், ஒதுக்கப்படும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பாளர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தது. 2017 நவம்பர் வெள்ளத்தை நாம் பட்டு அனுபவித்தபின், ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாசிலும் வெப்பத்தையும் வெள்ளத்தையும் இயற்கை வழிகளால் தாங்கிக்கொள்ளும் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகளின் பருவநிலைத் தழுவல் நிதியம் ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியிருக்கிறது. ஆக, பணமும் முன்னனுபவமும் இந்த மாநிலத்தில் உண்டு. இவற்றில் தமிழ் பேசும் ஏழைக் குடும்பங்கள் கேள்வி கேட்கும் இடத்தில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பதே என் கவலை.

அதனால் ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். பினாங்குத் தீவின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நடக்கும் தைப்பூசத்தை நமது முதல் வாழ்விட ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொள்ளலாம்.

ரதம் கடந்துபோன தெருவை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சில்லுகளால் சாலை வெளுத்துக் கிடக்கும். துப்புரவுத் தொழிலாளர்கள் வாரி வாரி லோரியில் ஏற்றுவார்கள். தண்ணீர்ப் பந்தல்களைச் சுற்றிக் குவளைகளும் போலிஸ்திரின் பெட்டிகளும் நெகிழிப் பைகளும் கால்வாயில் மிதக்கும். கடைகளில் இலவச நெகிழிப் பை கூடாது என்ற இயக்கத்தை 2009இல் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதே மாநிலத்தில், பசித்தவனுக்குச் சோறும் தாகத்துக்கு மோரும் கொடுக்கும் உயர்ந்த செயல் ஒன்று மறுநாள் குப்பை மேடாகத் தெரிவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வலிக்கிறது. தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் கடைசியில் வந்து சேர்வது நிபோங் திபாலில் உள்ள புலாவ் பூரோங் குப்பைக்கிடங்குக்கு. அது 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமத்தார். காற்றுப் புகாமல் புதைந்த உணவுக் கழிவிலிருந்து எழும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசத்தை நான் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வாழ்விட ஆய்வு ஒருமுறை செய்து முடிப்பதன்று. செய்துபார்த்து, பிழையை உணர்ந்து, மாற்றி, மறுபடி செய்துபார்க்க வேண்டும். அதே இடமும் ஏறக்குறைய அதே கூட்டமும் அதே பந்தல்காரர்களும் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் திரும்பி வருகிறார்கள். நடுவில் கலந்து பேசவும் கணக்குப் பார்க்கவும் பதினொரு மாதம் கிடைக்கிறது. இப்படி ஒரு சுழற்சியை எந்த ஆய்வாளரும் செயற்கையாக உண்டாக்க முடியாது. நம் முன்னோர் நமக்கு அமைத்துத் தந்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டில் எதையும் மாற்றக் கூடாது என்பேன். பந்தல் நடத்தும் குழுக்கள், கோயில் நிர்வாகத்தார், பூ விற்பவர்கள், மாநகர் மன்றத்தார், துப்புரவுத் தொழிலாளர்கள், வேண்டுதலோடு வரும் குடும்பங்கள், பல்கலைக்கழகத்தார் எல்லாரும் சேர்ந்து பார்க்கவும் நிறுக்கவும் எழுதவும் வேண்டும். எந்தப் பந்தலில் எந்த மணிக்கு எவ்வளவு சோறு மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது, குவளையை மக்கள் எத்தனை அடி தூரம் கையில் வைத்திருந்து போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். துப்புரவுத் தொழிலாளரை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், எந்த இடத்தில் எந்தக் குப்பை தேங்கும் என்பது அவரைப் போல் வேறு எவருக்கும் தெரியாது என்பதே. இரண்டாம் ஆண்டில் மனமுவந்து முன்வரும் சில பந்தல்கள் மட்டும் புதிய வழியில் நடக்கட்டும். ஒரு பகுதியில் எவர்சில்வர் குவளையும் கழுவுமிடமும், இன்னொரு பகுதியில் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும், வேறொரு பகுதியில் அவரவர் குவளையைக் கொண்டுவரும் ஏற்பாடும் வைத்துப் பார்க்கலாம். கழுவும் தண்ணீர் எவ்வளவு செலவாகிறது, வரிசை எவ்வளவு நீள்கிறது, பந்தலில் நிற்கும் தொண்டர்களுக்குக் கை ஓய்கிறதா என்பவற்றைக் குறித்துவைத்து மூன்றாம் ஆண்டில் திருத்த வேண்டும். தேங்காய்ச் சிரட்டையும் நாரும் மெல்ல மக்கும் பொருள்கள்; சிரட்டை நல்ல கரியாகும், நார் எங்கள் அடுக்குமாடிக்கு இல்லாமற்போன அந்தக் காய்ந்த பொருளாகும். தைப்பூசத் தேங்காய் நாரைக் காயவைத்து ஓராண்டுக்குப் பிறை அடுக்குமாடிகளின் எருத் தொட்டிகளுக்குப் பயன்படுத்த முடியுமா என்பதே ஓர் அருமையான ஆய்வுக் கேள்வி.

தேங்காய் உடைப்பது வேண்டுதல். அதைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் இல்லை. விருப்பமுள்ளவர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அது அவர்கள் பக்தியின் முடிவு. ஆய்வாளர் அதைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். இந்த எல்லையை முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் திரும்ப வராது.

இத்தகைய ஆய்வில் எல்லாக் காரணிகளையும் கட்டுப்படுத்த முடியாது, ஓரிடத்து முடிவு மற்றோரிடத்துக்குப் பொருந்தாது என்று கல்வியாளர் சிலர் தயங்குவதை அறிவேன். நியாயமான தயக்கம். ஆனால் எந்தச் சூழ்நிலையில், யாருடைய உழைப்பால், எந்தத் தடங்கலைத் தாண்டி ஒன்று நடந்தது என்பதை விடாமல் எழுதிவைத்தால் தைப்பூசம் நடக்கும் பத்துமலையிலும் ஈப்போவிலும் உள்ளவர்கள் தங்களுக்குப் பொருந்துவதைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். தோற்றதையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். எங்கள் பச்சைத் தொட்டிகளின் தோல்வி ஒரு பக்க அளவில் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு அடுக்குமாடிக்கு அது பயன்பட்டிருக்கும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆய்வாளருக்குச் சம்பளம் உண்டு, உதவி மாணவருக்குப் படித்தொகை உண்டு. குழாயடியில் நின்று எடைபோட்டு எழுதும் பெண்ணுக்கு மட்டும் ஒரு கைத்துண்டும் ஒரு பையும் தருவது முறையன்று. மிகைநேர வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வருகிறவரின் நேரத்துக்கு மானியத்திலேயே ஊதியம் ஒதுக்க வேண்டும். கூட்டம் தமிழிலும் நடக்க வேண்டும். அறிக்கை தமிழிலும் வர வேண்டும். அதை அச்சுக்கு முன் நாங்கள் படித்துத் திருத்தம் சொல்ல வேண்டும். திட்டம் முடிந்தபின் பொருள்களும் பொறுப்பும் யாரிடம் போகும் என்பதைத் தொடக்க நாளிலேயே கையெழுத்திட்டு வைக்க வேண்டும். குப்பை நிர்வாகத்தில் நம் மாநிலத்துக்கு ஒரு வசதியும் உண்டு: அந்த நிர்வாகத்தை மத்திய அரசின் கைக்கு மாற்றும் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால், குப்பை இன்றும் நம் மாநகர் மன்றங்களின் கையிலேயே இருக்கிறது. ஒரு புதிய வழி வெற்றி பெற்றால் அதை நடைமுறையாக்கக் கோலாலம்பூருக்குப் போக வேண்டியதில்லை.

பச்சைத் தொட்டிகள் போன பிறகு எங்கள் மாடியிலும் கீழ் மாடியிலுமாகப் பன்னிரண்டு குடும்பங்கள் நாங்களாகவே ஒன்றைச் செய்து வருகிறோம். பழைய சாய வாளியில் துளையிட்டு, பச்சைக் காய்கறித் தோலையும் தேங்காய்ச் சக்கையையும் மட்டும் சேர்த்து, கோயிலிலிருந்து வரும் காய்ந்த பூவை மேலே போடுகிறோம். வாளி வீட்டுப் பின்புறத்தில் துணி காயும் இடத்திலேயே இருப்பதால் யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. தராசு பிடித்து எடையைக் குறிப்பது நான். வெள்ளிக்கிழமைகளில் எல்லா வீட்டிலும் மரக்கறி என்பதால் அன்று வாளி நிறையும், ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய காலியாக இருக்கும் என்பதை நோட்டுப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கண்டுகொண்டேன். தொட்டி கொண்டுவந்தவர்கள் இதை அறிந்திருந்தால் எந்தக் கிழமையில் ஆள் அனுப்புவது என்றாவது தெரிந்திருக்கும். கிடைத்த எருவில் மாடி நடைபாதையில் கறிவேப்பிலையும் துளசியும் நன்றாக வளர்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் சில வாளிகள் இன்னும் புளித்த வாடை அடிக்கின்றன, காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை. இங்கேதான் எங்களுக்கு ஓர் ஆய்வாளர் தேவை.

ஆகவே, தண்ணீர்மலையில் பந்தல் நடத்தும் குழுக்களின் பொறுப்பாளர்களும், பினாங்கிலுள்ள கல்விக்கூடங்களில் சுற்றுச்சூழல், சமூகவியல் துறைகளில் பணியாற்றும் அன்பர்களும் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், தைப்பூச ஏற்பாடுகள் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் கூடிப் பேச வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த முதல் கூட்டத்துக்குக் கேள்வித்தாள் எதுவும் கொண்டுவர வேண்டாம். எங்கள் எடைக் குறிப்புகள் அடங்கிய நோட்டுப்புத்தகங்களை நான் மேசைமீது வைத்திருப்பேன். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பிறை, பினாங்கு.